சக்கரத்தில் தொங்கிய செருப்பு

"தொடாதீங்க அண்ணி, கைரேகை அழிஞ்சிடும்!" என்று கத்தினேன்.

"செருப்புல எவன்டா கைரேகை தேடுவான்? கால்ரேகை இருந்தா சொல்லு," என்றார் அண்ணி.

அணையின் மேல்மேடையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் மார்பளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம். அதைச் சுற்றினால் அடியில் மதகு உயரும். ஆற்றுத் தண்ணீர் அணைக்குக் கீழே இருக்கும் சுரங்கத்தில் பாய்ந்து கீழ் ஊருக்குப் போய்ச் சேரும். அந்தச் சக்கரத்தின் ஓர் ஆரத்தில், வாரோடு மாட்டியபடி, ஒரு ஜோடி தோல் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணி துப்பறிகிறார், அண்ணன் வீட்டில் சமைக்கிறான். நான் அண்ணிக்குக் கார் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், வாயைத் திறக்கக் கூடாத நேரமாகப் பார்த்துத் திறக்கிறேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அன்று காலையிலிருந்தே அது நிற்கவில்லை.

காரணம், சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டேன். கடல் மாதிரி கிடக்க வேண்டிய நீர்த்தேக்கத்தில் வெடித்த சேறுதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. நடுவில் ஒரு குட்டை. அதைத்தான் மூன்று ஊர் குடிக்கிறது. மழை தொடர்ந்து ஏமாற்றிவிட்டது, வெயிலோ வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. ஊருக்கு ஒரு முறை என்று ஆற்றைப் பங்கு போட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று மாலை நாலு மணிக்குக் கீழ் ஊரின் முறை. இந்த நேரம் பார்த்து, மதகைப் பார்த்துக்கொள்ளும் மதகுக்காரர் காணாமல் போய்விட்டார்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஆளைக் காணோம்," என்றார் எங்களை வரவழைத்த சூப்பர்வைசர். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. "எங்களுக்கு ஏன் தண்ணி குறையுதுன்னு ஆளாளுக்கு வந்து அவனை மிரட்டிக்கிட்டே இருந்தாங்க. பாவம், பயந்து பஸ் ஏறிட்டான். உள்ளூர் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தா ஊர் பூரா தெரிஞ்சு கலவரமாயிடும். அதான் வெளியூர்ல இருந்து உங்களைக் கூப்பிட்டேன்."

"செருப்பில்லாமயா பஸ் ஏறினாரு?" என்றார் அண்ணி.

"பயந்தவன் செருப்பைத் தேடிக்கிட்டா நிப்பான்?"

பயந்து ஓடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. நான் முதலில் செருப்பைத்தான் தேடுவேன். இந்த வெயிலில் வெறுங்காலோடு பத்தடி ஓடினால் பதினோராவது அடிக்குப் பாதம் இருக்காது. ஆனால் அதைச் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்லக் கூடாததைச் சொல்கிற நான், சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை அன்று விழுங்கிவிட்டேன்.

"பாருங்க, அங்கயேதான் தொங்குது," என்று சூப்பர்வைசர் மோவாயால் காட்டினார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. "உங்களுக்குத் தடயமா உதவுமோ என்னமோ. மோப்ப நாய்க்கெல்லாம் கொடுப்பீங்களாமே."

"எங்க ஆபீஸ்ல மோப்ப நாய் நான்தான் சார்," என்றபடி செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். தோல் சுட்டது.

மேடையின் ஓரத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். தண்ணீர் குறையக் குறைய, இரவில் யாராவது வந்து சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள் என்று காவல் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்தோ மாற்றலாகி, முந்தாநாள்தான் வந்து சேர்ந்தவராம். நான் மனசுக்குள் அவருக்குத் துப்பாக்கி என்றே பெயர் வைத்துவிட்டேன். நான் செருப்பை எடுப்பதை அவர் கண் கொட்டாமல் பார்த்தார்.

"தூக்கமே இல்ல சார்," என்று அவராகவே என்னிடம் புலம்பினார். "ராத்திரி பூரா கீழே டொக் டொக் டொக்குன்னு தட்டுது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி டொக் டொக் டொக். சார்கிட்ட கேட்டேன். பகல் சூட்டுல விரிஞ்ச இரும்பு ராத்திரி சுருங்குதுன்னாரு. விடிஞ்சதும் நின்னுடுச்சு."

"எங்க அண்ணன் குறட்டையும் விடிஞ்சாதான் நிக்கும்," என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. அவர் படிக்கட்டில் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். படி முடிகிற இடத்தில் சுரங்கத்துக்குள் போகிற இரும்புக் கதவு. கதவெல்லாம் துரு, அதில் பளபளவென்று ஒரு பூட்டு.

"கிழவருக்குப் புது மாப்பிள்ளை மோதிரம் போட்ட மாதிரி இருக்கு," என்றேன்.

"உள்ள நானே போய்ப் பார்த்துட்டேன். யாரும் இல்ல. அப்புறம்தான் பூட்டினேன்," என்றார் சூப்பர்வைசர்.

அவருடைய அறையில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த ஊரில் அன்றைக்கு விருந்தாளிக்கு அரை டம்ளர்தான் மரியாதை. வரும் வழியில் கடைக்காரர்கூடப் பாட்டில் மூடியில் ஊற்றித்தான் கொடுத்தார். சூப்பர்வைசரோ இரண்டு டம்ளரை ஒரு தடவை அலசி, அலசிய தண்ணீரை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, விளிம்பு தட்ட ஊற்றிக் கொடுத்தார். நான் ஒரே மூச்சில் குடித்தேன். அண்ணி டம்ளரைத் தொடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுடுவீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"நாலு மணிக்கு என்ன அவசரம்? அவர் இல்லாமலே மதகைத் திறக்கலாம் இல்ல?" என்றார் அண்ணி.

"திறக்கலாம். சக்கரம் சுத்தறவங்க ரெண்டு பேர் மூணரைக்கு மேல வந்துடுவாங்க. சும்மாதான் கேட்டேன்."

காரில் ஏறியதும் அண்ணி பையைப் பிரித்து, செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் சாதாரணமாகத் தேய்ந்திருந்தது. ஆனால் வாரின் உட்பக்கத்தில், இரண்டு செருப்பிலும் ஒரே இடத்தில், விரல் அகலத்துக்குத் துருக்கறை. ஒரு நாள் பட்ட கறை இல்லை. தோலுக்குள் ஊறி, அந்த இடமே பள்ளமாகியிருந்தது.

"இது நேத்து முதல் தடவையா அங்க தொங்கல தம்பி. வருஷக்கணக்கா அதே கம்பியில தொங்கியிருக்கு."

"ஓடிப் போறவர் தினம் ஒத்திகை பார்த்திருப்பாரோ?"

"வண்டியை எடு. அவர் வீட்டுக்குப் போவோம்."

மதகுக்காரரின் வீடு கீழ் ஊரில், நீர்த்துறை ஊழியர் குடியிருப்பில் இருந்தது. தெருவுக்குள் கார் ஊர்ந்துதான் போக முடிந்தது. குழாயடியிலிருந்து தெருமுனை வரை குடங்கள் வரிசை கட்டி நின்றன. குடத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போடும் தெம்பு போய்விட்ட தெருவைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது. ஒரு சின்னக் குழந்தை குழாயின் வாயில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் திட்டக்கூட இல்லை.

மதகுக்காரரின் மனைவி வாசலில் உட்கார்ந்து காலிக் குடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளுத்த புடவை, சிரித்த முகம். கணவன் காணாமல் போன பெண்ணின் முகமாக அது இல்லை. நான் பையைக் கையில் பிடித்தபடி இறங்கினேன். அண்ணி ஏனோ என் கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"வாங்க, ஆபீஸா? அவரு இல்லீங்களே," என்றார் அந்த அக்கா.

"எங்க போயிருக்கார்?"

"சுரங்கத்துக்குள்ளதான். கடைசியில இருக்கற கம்பி வலையில குப்பை அடைச்சுக்கிச்சாம். தண்ணி விடறதுக்குள்ள எடுக்கணும், ராத்தங்கி வேலை பார்க்கறாருன்னு சூப்பர்வைசர் ஐயா நேத்து சொல்லி அனுப்பினாரு. இந்தக் கோடை பூரா இதே கதைதாங்க. வீட்டுல இருக்கறதை விட அந்தப் பொந்துலதான் அதிகம் இருக்காரு."

எங்களிடம் ஓடிவிட்டார் என்றார்கள். இவரிடம் உள்ளே வேலை என்றிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

அண்ணியின் கண் வாசற்படிக்குப் போயிருந்தது. அங்கே பழைய ஆண் செருப்புகள் கிடந்தன. தேய்ந்து போனவை, அறுந்து போனவை. எல்லாவற்றின் வாரிலும் அதே இடத்தில் அதே துரு.

"ராத்திரி பூரா உள்ள இருக்காரே, உங்களுக்குப் பயமா இல்லையா? தெரியாம யாராவது மதகைத் திறந்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டார் அண்ணி.

அந்த அக்கா சிரித்துவிட்டார்.

"எப்படிங்க திறப்பாங்க? அவரு செருப்பு தொங்குதுல்ல?"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"உள்ள இறங்கறவங்க செருப்பைக் கழட்டிச் சக்கரத்துல மாட்டிட்டுத்தான் இறங்குவாங்க. வெளிய வந்து அவங்களே கையால எடுக்கணும். அது தொங்குற வரைக்கும் எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்னாலும் சக்கரத்துல எவனும் கை வைக்க மாட்டான். இந்த ஊர்ல ஒருத்தன் அந்தச் செருப்பைத் தொட மாட்டான். கல்யாணமான புதுசுல நான் அழுவேன். செருப்பு மேல இருந்தா நான் கீழ பத்திரமா இருக்கேன்னு அர்த்தம், போய்த் தூங்குடின்னு சொல்லுவாரு. நேத்து ராத்திரி எங்கண்ணன் அந்தப் பக்கமா வந்தான். செருப்பு தொங்குதுன்னு சொன்னான். நிம்மதியாத் தூங்கினேன்."

என் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பை சரசரத்தது.  அதை நிறுத்த இன்னொரு கையால் பிடித்தேன். அது இன்னும் பலமாகச் சரசரத்தது.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது? இருங்க," என்று உள்ளே போனார். பானையைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. அரை டம்ளர் தண்ணீரோடு வந்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

"வேணாம்க்கா," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"அவரை நாங்க கூட்டிட்டு வர்றோம்," என்றார் அண்ணி.  அந்த அக்காவின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் நான் காருக்கு ஓடிவிட்டேன். ஓடியவன் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"சார், அவர் ஓடல! உள்ளதான் இருக்கார்! செருப்பை நான் எடுத்துட்டேன், மதகைத் திறந்துடாதீங்க சார்!"

மறுமுனையில் சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயையோ, அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. உடனே நிறுத்திடறேன். வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பீதி கிளம்பிடும். பதறாம வாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அண்ணி காரில் ஏறியதும் பெருமையாகச் சொன்னேன். அண்ணியின் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"அவனுக்கா போன் பண்ணின?"

"பின்ன? அவர்தானே..."

"வண்டியை எடுடா!"

எடுத்தேன். அண்ணி வேகமாகப் பேசினார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே கணக்கு ஒப்பித்துக்கொள்வதைப் போல.

"காலையில அந்த ஆள் எல்லாத்தையும் தொட்டான். நமக்குக் கார் கதவைத் திறந்துவிட்டான், நாற்காலியை இழுத்துப் போட்டான், டம்ளரைக் கழுவினான். செருப்புக்கிட்ட மட்டும் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டான். அவன் எடுத்தா அந்தப் போலீஸ்காரர் சாட்சி. ஊர்க்காரன் எவனும் எடுக்க மாட்டான். செருப்பு தொங்கினா மதகு திறக்காது. அவனுக்கு வெளியூர் கை ஒண்ணு வேணும். வந்து, தடயம்னு சொல்லி, சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போற கை."

ஸ்டியரிங்கில் இருந்த என் கையைப் பார்த்தேன். அதை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"மதகுக்காரரைத் தேடறதுக்கு நம்மளைக் கூப்பிடல தம்பி. செருப்பை எடுக்கறதுக்குக் கூப்பிட்டான். நாளைக்குப் பிணம் வலையில மாட்டினா, செருப்பை எடுத்தது யாருன்னு கேட்டா..."

"நான்."

"இரும்பு சுருங்கினா சத்தம் வரும். மூணு மூணா எண்ணித் தட்டாது. ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது அலசின தண்ணியை வெளிய வீசறவனுக்குத் தண்ணி எங்கிருந்தோ தனியா வருது. அந்த மனுஷன் அதை உள்ள பார்த்துட்டாரு. அதான் புதுப் பூட்டு."

"நிறுத்தறேன்னு சொன்னாரே அண்ணி!"

அப்போது சங்கு ஊதியது.

மதகு திறக்கும் முன் அணையில் ஊதுகிற சங்கு. மலை மலையாக எதிரொலித்தது. நாலு மணி ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. நாங்கள் வந்து சேருவதற்குள் முடித்துவிட, சக்கரம் சுற்றுகிறவர்களை முன்னதாகவே வரவழைத்து அவன் நேரத்தை முன்னால் இழுத்துவிட்டான். அதற்கும் நான்தான் வழி செய்திருந்தேன்.

சுவரில் சாய்ந்திருந்த பெண்கள் எழுந்தார்கள். வீடுகளிலிருந்து ஆட்கள் குடத்தோடும் வாளியோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். "தண்ணி! தண்ணி விட்டுட்டாங்க!" என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு காரைச் சுற்றி ஆடினார்கள். நான் ஹாரனை அமுக்கினேன். அதையும் கொண்டாட்டம் என்று நினைத்துக் கூடச் சேர்ந்து கத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அந்த அக்கா வாசலில் நின்று, புருஷன் வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் அந்தத் தெருவைக் கடந்த நேரத்தைப் போல் நான் பயந்ததில்லை. அன்று வாயும் நின்றுவிட்டது.

அணை மேட்டில் காரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினோம். சங்கு தலைக்கு மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர், இன்னொருவர் மொட்டை. இருவரும் முழு பலத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சக்கரத்தில் செருப்பு இல்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை. அதுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு!" என்று கத்தினேன். சங்குச் சத்தத்தில் என் குரல் என் காதுக்கே எட்டவில்லை. துப்பாக்கி குறுக்கே வந்தார். திறக்கும் நேரத்தில் யாரையும் மேலே விடக் கூடாதென்று அவருக்கு உத்தரவு. துப்பாக்கிக் குழல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.  அண்ணி அவர் கையைப் பிடித்து ஏதோ காதில் கத்தினார். அந்த நொடியில் நான் குனிந்து, அவர் முழங்கைக்கு அடியில் நுழைந்து ஓடி, பையைக் கிழித்து, செருப்பைச் சக்கரத்தின் ஆரத்தில் மாட்டினேன்.

இரண்டு பேரும் சூடுபட்ட மாதிரி கையை எடுத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் கையைக் காட்ட, சங்கு நின்றது. திடீரென்று வந்த நிசப்தத்தில் கீழே தண்ணீர் நுழைகிற சத்தம் கேட்டது. மதகு கொஞ்சம் ஏறிவிட்டிருந்தது.

"சுத்துங்க," என்றார் சூப்பர்வைசர் நிதானமாக. "இந்தச் செருப்பைக் காலையில எடுத்துட்டுப் போனது இவருதான். இப்ப அவரே கொண்டாந்து மாட்டினா அது கணக்கா? போலீஸ் சார், நீங்களே சொல்லுங்க, யார் எடுத்தது?"

"இவர்தான்," என்றார் துப்பாக்கி. உண்மையைத்தானே சொன்னார்.

மீசைக்காரர் மொட்டையைப் பார்த்தார். இறங்குகிறவன் தன் கையால் மாட்ட வேண்டும். அடுத்தவன் மாட்டினால் அது வெறும் செருப்பு. கீழே ஒரு ஊரே குடத்தோடு நிற்கிறது. மொட்டையின் ஒரு கை மெல்லச் சக்கரத்துக்குத் திரும்பியது.

நான் தரையில் உட்கார்ந்தேன். என் ஷூவின் நாடாவை அவிழ்க்க நேரமில்லை. அப்படியே உருவினேன். இரண்டு ஷூவையும் நாடா நுனியால் முடிந்து, மதகுக்காரரின் செருப்புக்குப் பக்கத்து ஆரத்தில் மாட்டினேன்.

"இது என்னோடது," என்றேன்.  "நானே மாட்டறேன். இப்ப உள்ள இறங்கறேன்."

மொட்டை சக்கரத்தை விட்டு இரண்டடி தள்ளிப் போனார். மீசைக்காரர் ஒரு கணம் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்னய்யா பண்ற?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆள் இறங்குது சார். மூடறேன்."

அண்ணி சூப்பர்வைசரின் முன்னால் கையை நீட்டினார். "பூட்டுச் சாவி."

"அது... எங்கயோ விழுந்துடுச்சு."

துப்பாக்கி அவரைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், ராத்திரி முழுக்கக் கேட்ட சத்தம் அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். "சார், அது இரும்பு இல்லையா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி, துப்பாக்கிக் கட்டையால் பூட்டை அடித்து உடைத்தார்.

சுரங்கத்துக்குள் தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அவ்வளவு வெயில், இங்கே எலும்பு வரை குளிர். போன் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. மேலே மீசைக்காரர் மூடி முடித்துவிட்டாரா, அதற்குள் அந்த ஆள் யாரையாவது மிரட்டித் திறக்க வைத்துவிட்டானா, எனக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்ற இரண்டு ஷூ மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதை நினைத்துக்கொண்டேன். இந்த மனுஷனும் நேற்று அதைத்தான் நினைத்திருப்பார்.

வலப்பக்கச் சுவரில் புதிதாகச் சிமெண்ட் பூசிய ஓட்டையில் ஒரு தடித்த குழாய் செருகியிருந்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு கரகரவென்று அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

தண்ணீர் வாரிக்கொண்டு போய்ச் சேர்த்த இடத்தில், சுரங்கத்தின் கடைசியில், கம்பி வலையைப் பிடித்தபடி மதகுக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கல். ஒரு கால் வீங்கிப் போயிருந்தது.

"யாரு?"

"உங்க வீட்டுல இருந்து வர்றேன். பயப்படாதீங்க, என் தோளைப் பிடிங்க."

பிடித்தார். உடம்பெல்லாம் உதறியது. அவருடையதா என்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ராத்திரி பூரா கதவைத் தட்டினேன் தம்பி. விடிஞ்சதும் வெளிச்சம் தெரிஞ்ச பக்கம் வந்து கத்தலாம்னு வந்தேன், கால் மடங்கிடுச்சு. அப்பவும் பயப்படல. செருப்பு மேல இருக்குல்ல, தண்ணி வராதுன்னு உட்கார்ந்திருந்தேன்." கொஞ்ச தூரம் வந்ததும் நின்றார். "அது சரி, செருப்பு தொங்கறப்ப எப்படித் தண்ணி விட்டாங்க?"

 வெளிச்சத்தைக் கதவுப் பக்கம் திருப்பி நடந்தேன்.

மேலே வந்தபோது சூப்பர்வைசர் மேடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துப்பாக்கி. மடிப்புக் கலையாத சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மதகுக்காரர் அவரைப் பார்த்தார்.

"முறைக்கு முறை எங்க ஊர்த் தண்ணியில பாதி அந்தக் குழாய் வழியா லாரிக்குப் போவுது. நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் கதவைச் சாத்திட்டாரு," என்றார். கோபம்கூட இல்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

"அடைங்கடா முதல்ல அந்தக் குழாயை," என்றார் மீசைக்காரர். மொட்டை சாக்கையும் களிமண்ணையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். இறங்குவதற்கு முன் தன் செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்ததும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மதகுக்காரர் நொண்டிக்கொண்டே சக்கரத்துக்கு வந்து தன் செருப்பைக் கையால் எடுத்தார். வாரைத் தடவிப் பார்த்தார். கிழிந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"இதை யாரு எடுத்தது?"

துப்பாக்கி வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தாங்க. எனக்குத் தெரியாது."

 திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். ஆனால் யாரும் கை வைக்கவில்லை. கீழ் ஊரிலிருந்து பாத்திரம் தட்டும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வர வர அது குறைந்துகொண்டே வந்தது.

"என்ன யோசிக்கிறீங்க? திறங்க," என்றேன்.

மதகுக்காரர் மோவாயால் காட்டினார். என் ஷூ தொங்கிக்கொண்டிருந்தது.

நாடாவில் போட்ட முடிச்சு அவிழவில்லை.  அண்ணி கிட்டே வந்தார். உதவி செய்வார் என்று ஷூவை அவர் பக்கம் நகர்த்தினேன். அண்ணி தொடவில்லை.

"மெதுவா எடு தம்பி. நீதான் எடுக்கணும்," என்றார்.

பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகினேன். மூன்று பேரும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். கீழே மதகு ஏறியது, தண்ணீர் சுரங்கத்துக்குள் இரைந்துகொண்டு பாய்ந்தது. ஒரு ஊரே வாரக்கணக்கில் கேட்க ஏங்கிய சத்தம்.

நான் ஷூவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.